தலைக்கு எண்ணெய்



எண்ணெய் என்னும் சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். எள் என்றும் நெய் என்றும் இரண்டு சொற்கள் கிடைக்கும். எள்ளிலிருந்து எடுத்த நெய் எதுவோ அதுவே எண்ணெய். முதலில் இந்தப் பெயர் எள்ளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பின்னர் தேங்காயிலிருந்தும் ஆமணக்கிலிருந்தும் வேம்பிலிருந்தும் எடுத்தவற்றையும் எண்ணெய் என்றே அழைக்கத் தலைப்பட்டோம். பெயர் பொதுச்சொத்தாகிவிட்டபடியால், அதற்கு உரியதாயிருந்த பழைய எண்ணெய்க்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. அதனை நல்லெண்ணெய் என்றோம். வடமொழியிலும் இதே கதைதான். திலம் என்றால் எள். திலத்திலிருந்து வந்தது தைலம். இன்று பூமிக்கடியிலிருந்து வரும் மண்ணெண்ணெய்கூட எள்ளின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது!

இந்த எண்ணெய்க்காக ஊர்தோறும் செக்குகள் சுழன்றன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் செக்கிறை என்று ஒரு வரியே காணப்படுகிறது. வரி விதிக்கத் தக்க அளவுக்கு அந்தத் தொழில் பெருகியிருந்தது என்றுதானே இதற்குப் பொருள்? மாடு இழுக்க வேண்டிய செக்கை மனிதர் இழுத்த கொடுமையும் இந்நாட்டு வரலாற்றில் உண்டு. 1908-இல் தண்டனை பெற்ற வ. உ. சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். செக்கிலிருந்து வடிந்த எண்ணெய் அடுக்களைக்கும் சென்றது, அகல் விளக்குக்கும் சென்றது, தலைக்கும் சென்றது. இன்றைய பேச்சில் நான் எடுத்துக்கொண்டிருப்பது தலைக்குச் சென்ற எண்ணெயை.

எண்ணெய் தலைமுடிக்கு என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் நம்மிடையே வழங்குகின்றன. முடிக்குச் சத்துக் கொடுக்கிறது என்பது பாட்டிமாரின் விடை. மூன்றே மாதத்தில் முழங்கால்வரை முடியை வளர்க்கிறது என்பது விளம்பரக்காரரின் விடை. ஒன்றுமே செய்வதில்லை, தலையணை உறைதான் அழுக்காகிறது என்பது கல்லூரிக்குப் போகும் பேரனின் விடை. மூன்றும் சரியன்று என்பது என் கருத்து. ஆனாலும் மூவரில் பாட்டி ஓரளவு உண்மைக்கு அருகில் இருக்கிறாள். அவள் சொல்லும் காரணம் பிழைபடலாம். செய்யும் காரியம் பிழையன்று.

முதலில் முடி என்பது என்ன என்று பார்ப்போம். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு சிறு குழியிலிருந்து புறப்படுகிறது. இதனை மயிர்க்கால் என்கிறோம். இந்தக் குழியின் அடிப்பாகத்தில்தான் உயிர் இருக்கிறது. அங்கே இரத்தம் பாய்கிறது, அணுக்கள் பெருகுகின்றன, பெருகிய அணுக்கள் கெரட்டின் என்னும் புரதத்தைத் தம்முள் நிரப்பிக்கொண்டு, இறுகி, இறந்து, மேலே தள்ளப்படுகின்றன. தோலுக்கு வெளியே நாம் வாரி முடிந்து பூச்சூட்டுகிற முடி முழுவதும் உயிரற்ற பொருளே. நகத்தை வெட்டும்போது வலிக்காதது போலவே முடியை வெட்டும்போதும் வலிக்காததற்கு இதுவே காரணம். உயிரற்ற பொருளுக்கு உணவு எதற்கு? உண்ணும் வாயும் அதற்கில்லை, செரிக்கும் வயிறும் இல்லை. மயிர்க்காலுக்கு வேண்டிய உணவை இரத்தம் கொண்டுவந்து கொடுக்கிறது. வெளியே தடவும் எண்ணெய் அந்த வேலையைச் செய்வதில்லை. ஆகவே 'சத்து' என்ற சொல்லை இந்த இடத்தில் நாம் கைவிட்டுவிட வேண்டியதுதான்.

அப்படியானால் பேரன் சொன்னதுதான் சரி என்று அவசரப்படாதீர்கள். உயிரற்ற பொருளுக்கு உணவு தேவையில்லை, பாதுகாப்புத் தேவை. வீட்டுக் கதவுக்கு நாம் சோறு போடுவதில்லை, வண்ணம் பூசுகிறோம். மழையும் வெயிலும் அதைத் தின்றுவிடாமல் இருப்பதற்காக.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்கிறது. ஆண்டுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாணவியின் பின்னல் 75 சென்டிமீட்டர் நீளம் என்றால், அதன் நுனி ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிறந்தது. அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது தலையில் முளைத்த முடி, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போது பின்னலின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது! வாரத்திற்கு இருமுறை தலை முழுகுபவள் என்றால், அந்த நுனி ஐந்நூறு முறைக்கு மேல் நனைந்து ஐந்நூறு முறைக்கு மேல் உலர்ந்திருக்கும். சீப்பு எத்தனை ஆயிரம் முறை அதன்மேல் ஓடியிருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஐந்தாண்டு உடுத்தித் துவைத்த சட்டை ஒன்றை நினைத்துப் பாருங்கள். முடி நுனி பிளவுபடுவதில் வியப்பொன்றும் இல்லை என்று தெரியும்.

நனைவதால் முடிக்கு என்ன கேடு என்று கேட்கலாம். இதற்கு விடை சொல்ல உங்களைச் சற்று நேரம் ஸ்விட்சர்லாந்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஜெனீவா நகரத்தைச் சேர்ந்த ஸோஸ்யூர் என்னும் விஞ்ஞானி ஆல்ப்ஸ் மலைகளில் ஏறி இறங்கிக் காற்றின் தன்மையை ஆராய்ந்தவர். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. 1783-இல் அவர் வெளியிட்ட நூலில் அந்தக் கருவியை விவரித்தார். அதன் உயிர்நாடி எது தெரியுமா? ஒரே ஒரு மனித மயிரிழை! முடி ஈரத்தை உறிஞ்சும்போது நீளுகிறது, உலரும்போது சுருங்குகிறது. வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்கு வந்தால் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேலாக நீளும். இந்தச் சிறு அசைவை ஒரு முள்ளோடு இணைத்து, அளவுகோலின்மேல் நகரவிட்டார். மயிரிழை ஈரமானி நெடுங்காலம் வானிலை நிலையங்களில் பணியாற்றியது.

நம் பேச்சுக்கு இன்றியமையாத செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்த மயிரிழையை ஸோஸ்யூர் அப்படியே எடுத்துக் கட்டிவிடவில்லை. சோடா உப்புக் கரைத்த நீரில் முதலில் அதைக் கொதிக்கவைத்தார். ஏன்? இயற்கையாக அதன்மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் பசையை நீக்குவதற்காக. பசை இருக்கும்வரை முடி ஈரத்துக்கு உடனே இணங்குவதில்லை. பசை போனபின் உடனே இணங்குகிறது. எண்ணெய்க்கும் முடிக்கும் உள்ள உறவு இந்த ஒரு செயலில் வெளிப்பட்டுவிடுகிறதல்லவா?

நீளத்தில் இரண்டு பங்கு என்பது சிறிதாகத் தோன்றும். ஆனால் நீரில் நன்றாக ஊறிய முடி பருமனில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்கு உப்பிவிடுகிறது. முடியின் வெளிப்புறம் நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போன்றது. மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே புரத நார்கள் கயிறு திரித்தாற்போல் கிடக்கின்றன. உள்ளே உப்பும்போது ஓடுகள் மேலெழும்புகின்றன. எழும்பி நிற்கும் ஓடுகளின்மேல் சீப்பை இழுத்தால் என்ன ஆகும்? ஓடுகள் பெயரும், உடையும். உடைந்த இடத்தின் வழியே உள்ளிருக்கும் புரதம் சிறிது சிறிதாகக் கழுவுநீரோடு கரைந்து போகும். ஈரத் தலையை வாராதே என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவது வெறும் அதட்டல் அன்று என்பதை இப்போது நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

இந்தப் புரத இழப்பை அளந்து பார்த்தவர்கள் நம் நாட்டவர்களே. மும்பையில் பணியாற்றிய ஆர்த்தி ரேலே, மொஹிலே என்னும் இருவர் 2003-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் முடிக்கற்றைகளில் தடவி, கழுவி, எவ்வளவு புரதம் வெளியேறுகிறது என்று கணக்கிட்டனர். இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அதன் காரணமும் அழகானது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதிப் பங்கு லாரிக் அமிலத்தால் ஆனது. அது பன்னிரண்டு கரியணுக்களைக் கொண்ட குட்டையான, நேரான சங்கிலி. முடியின் இடுக்குகளில் நுழைந்து உள்ளே போக வல்லது. சூரியகாந்தி எண்ணெயின் சங்கிலிகளோ நீளமானவை. நடுவில் கூன் விழுந்தவை. உள்ளே நுழைய இயலாமல் வாசலில் நின்றுவிடுகின்றன. கனிம எண்ணெய்க்குப் புரதத்தோடு உறவே இல்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவுகிறது என்பதை, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகர ஆய்வுக்கூடத்தாரோடு சேர்ந்து நுண்கருவிகளின் துணையால் 2001-லேயே காட்டியிருந்தார்கள். உள்ளே சென்று அமர்ந்த எண்ணெய் நீருக்கு இடம் கொடுப்பதில்லை. முடி குறைவாக உப்புகிறது. ஓடுகள் குறைவாக எழும்புகின்றன.

இந்த ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது என்பதையும் மாணவர்களாகிய உங்களிடம் நான் சொல்லியாக வேண்டும். அதனால் ஆய்வு பொய் என்று ஆகிவிடாது. முறை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. வேறொருவர் செய்து பார்க்கலாம். ஆனாலும் ஒரு முடிவைப் படிக்கும்போது அதற்குச் செலவு செய்தவர் யார் என்று கேட்டுவைப்பது நல்ல பழக்கம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த ஆய்வு முடி தேயாமல் காப்பதைப் பற்றிப் பேசுகிறதே தவிர, முடி வளர்வதைப் பற்றிப் பேசவில்லை.

அப்படியென்றால் நம் நல்லெண்ணெயின் கதி என்ன? அதன் பெரும்பகுதி ஓலியிக், லினோலியிக் என்னும் நீண்ட, கூன் விழுந்த சங்கிலிகளால் ஆனது. ஆகவே தேங்காய் எண்ணெயைப் போல அது முடிக்குள் புகுந்து வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. மேலே ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்து, முடியோடு முடி உராய்வதைக் குறைக்கும், சிக்கெடுக்க உதவும். அதற்கு வேறொரு சிறப்பு உண்டு. செசமின், செசமோலின் முதலிய பொருள்கள் அதில் இயற்கையாகவே இருப்பதால் அது எளிதில் சிக்கு வாடை பிடிப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் மண்சாடியில் மாதக்கணக்காக வைத்திருந்து பயன்படுத்தினார்கள் என்றால், அந்தச் சிறப்பே காரணம். மேலும் தேங்காய் எண்ணெய் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. உதகமண்டலத்தில் படிக்கும் மாணவர்கள் எண்ணெய்ப் புட்டியைக் காலையில் வெயிலில் வைத்துக் காத்திருப்பதன் இரகசியம் இதுதான். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் தலையில் வைத்து, சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் உட்காரவைப்பார்கள். அந்தச் சூடும் விரல்களின் அழுத்தமும் தரும் சுகத்தை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் நிரூபிக்கப் போவதில்லை. நிரூபணம் வேண்டியதும் இல்லை.

விளக்கெண்ணெயைப் பற்றி ஒரு சொல் போதும். அது மிகவும் தடித்த எண்ணெய். நீண்ட கூந்தலில் தனியாக அப்பிக்கொண்டால் முடி ஒன்றோடொன்று பின்னி இறுகிக் கத்தரிக்கோல் ஒன்றே வழி என்னும் நிலைக்கு வந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவு உண்டு. வேறு எண்ணெயோடு சிறிது கலந்துகொள்வதே உசிதம். பிசுக்கில்லாத தைலம் என்று கடைகளில் விற்பவற்றின் மேலுறையில் சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். லிக்விட் பாரஃபின் என்று இருந்தால் அது நான் முன்பு சொன்ன கனிம எண்ணெய். தீங்கு செய்யாது, பளபளப்புத் தரும், அவ்வளவே. படத்தில் இருப்பது பாதாமோ நெல்லிக்கனியோ, புட்டியில் பெரும்பங்கு இருப்பது அதுவன்று.

இப்போது நம் வழக்கத்தையே ஒரு சோதனைக்கு உட்படுத்தலாம். எண்ணெயை எங்கே வைக்கிறோம்? உச்சந்தலையில். அங்கே அதற்கு எவ்வளவு தேவை இருக்கிறது? ஒவ்வொரு மயிர்க்காலின் அருகிலும் இயற்கை ஓர் எண்ணெய்ச் சுரப்பியை வைத்திருக்கிறது. உங்கள் வயதில் அது தாராளமாகவே சுரக்கிறது. முகப்பருவால் அவதிப்படும் மாணவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுரப்பு வேர்ப்பக்கத்து முடியை நன்றாகக் காப்பாற்றுகிறது. ஒரு முழம் தள்ளியிருக்கும் நுனிக்கு அது போய்ச் சேருவதில்லை. வாய்க்காலின் தலைமடை வயலில் நீர் நிற்கிறது, கடைமடை வயல் காய்கிறது. நாமோ குடத்தில் நீரை மொண்டு தலைமடையிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறோம்! நீண்ட கூந்தல் உடையவர்கள் எண்ணெயில் பெரும்பங்கை முடியின் நீளத்திலும் நுனியிலும் தடவ வேண்டும். தடவ வேண்டிய நேரமும் குளிப்பதற்கு முன்னால்தான். எண்ணெய் வைத்துச் சிறிது நேரம் ஊறிய பிறகு தலை முழுகுவது என்று நம் முன்னோர் வகுத்த வரிசை, நீர் வருமுன் காவல் போடும் வரிசை. இதில் பாட்டிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

எண்ணெயைப் போக்கும் பொருளிலும் அவள் தவறவில்லை. சீயக்காய்க் காயிலும் கொங்கு நாட்டார் விரும்பும் அரப்பு இலையிலும் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் இருக்கிறது. அது அழுக்கை எடுத்துவிட்டு எண்ணெயின் மெல்லிய படலத்தை ஓரளவு விட்டுவைக்கும். உடலுக்குத் தேய்க்கும் சோப்போ காரத்தன்மை உடையது, ஓடுகளை மேலெழுப்பும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் அதைப் போட்டால், தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகி முடியிலேயே ஒட்டிக்கொள்ளும். இரசாயன வகுப்பில் கடின நீர் என்று படிக்கிறீர்களே, அதன் செய்முறைப் பாடம் குளியலறையிலேயே நடக்கிறது.

ஷாம்பு என்ற சொல்லின் பயணம் வேடிக்கையானது. அழுத்து, பிசை என்று பொருள்படும் ஒரு இந்திச் சொல்லிலிருந்து அது பிறந்தது. 1759-இல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகம்மது என்பவர் இங்கிலாந்து சென்று, பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலும் உடல் பிசைதலும் செய்யும் நிலையம் ஒன்றை நடத்தினார். நான்காம் ஜார்ஜ் மன்னரும் நான்காம் வில்லியம் மன்னரும் அவரிடம் சிகிச்சை பெற்றார்கள். கையால் பிசைவதற்கு வழங்கிய சொல் காலப்போக்கில் தலை கழுவும் செயலுக்கு மாறி, கடைசியில் கழுவும் திரவத்தின் பெயராகிவிட்டது. அன்று தைலம் தேய்க்கும் கையைச் சொன்ன சொல், இன்று தைலத்தைப் போக்கும் புட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கிறது.

எண்ணெய் எல்லாருக்கும் எப்போதும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பொடுகு உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தலைத்தோலில் வாழும் மலசேசியா என்னும் ஒருவகை நுண்காளான் கொழுப்பைத் தின்று பிழைப்பது. அது வெளியிடும் பொருள்கள் சிலருடைய தோலை எரிச்சலூட்டிச் செதில் செதிலாக உதிரச் செய்கின்றன. வறட்சியால் பொடுகு வருகிறது என்று எண்ணி, இரவெல்லாம் எண்ணெயை ஊறவைப்பவர்கள் அந்தக் காளானுக்கு விருந்து வைக்கிறார்கள். பேனுக்கும் எண்ணெயை மட்டும் நம்பக் கூடாது. பேன்சீப்பால் பொறுமையாக வாருவதற்கு அது வழுவழுப்புத் தரும்; கொன்றுவிடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதையும் கேளுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. உடலுக்குத் தடவுவதில் எனக்கு வழக்கில்லை. மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே அழற்சி உண்டாகும்; குழந்தையால் அதை இருமி வெளியேற்ற முடியாது. உயிருக்கே ஆபத்து நேர்ந்த செய்திகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லும் பொறுப்பை நான் உங்களிடம் விடுகிறேன்.

இனி விளம்பரக்காரரிடம் வருவோம். அவர் நேற்று முளைத்தவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மக்காசர் எண்ணெய் என்று ஒன்று பெரும் ஆரவாரத்தோடு விற்கப்பட்டது. கனவான்கள் அதைத் தலையில் பூசிக்கொண்டு சாய்வு நாற்காலிகளில் அமர, நாற்காலிகளின் மேல்புறமெல்லாம் கறை. கறையைத் தடுக்க நாற்காலித் தலைப்பில் விரிக்கும் துணிக்கு மக்காசர்த் தடுப்பு என்ற பொருளில் ஒரு பெயரே தோன்றிவிட்டது. வழுக்கை போயிற்றோ இல்லையோ, துணி மட்டும் நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'ஜே' என்றோர் அட்டவணை உண்டு. எந்த எந்த நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாதோ அவற்றின் பட்டியல் அது. புற்றுநோய், கண்புரை முதலியவற்றோடு வழுக்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முடியின் நிறமாற்றமும் புதுமுடி வளர்வதும்கூட இருக்கின்றன. கரிசலாங்கண்ணியைப் பற்றி எலிகளிடம் சில சோதனைகள் நடந்திருக்கின்றன. எலியின் முதுகில் நடந்தது மனிதன் தலையில் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. எண்ணெயின் பெயரால் நடக்கும் வாணிபம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். சிறு புட்டிகளில் அடைத்த சுத்தமான தேங்காய் எண்ணெய் உணவு எண்ணெயா, கூந்தல் தைலமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உணவென்றால் வரி குறைவு, கூந்தலுக்கென்றால் வரி அதிகம் என்று இருந்த காலம் அது. 2018-இல் இரு நீதிபதிகள் இருவேறு கருத்துக் கூறினர். 2024 டிசம்பரில் மூவர் அமர்வு, கூந்தல் தைலம் என்பதற்குரிய அடையாளம் மேலுறையில் இல்லாதவரை அதை உணவு எண்ணெய் என்றே கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. ஒரே மரத்துத் தேங்காய், ஒரே செக்கு, ஒரே எண்ணெய். ஒட்டும் சீட்டு மாறினால் பெயரும் மாறுகிறது, விலையும் மாறுகிறது.

விளம்பரத்தை நம்பி ஏமாறுபவர்களில் மாணவிகளே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. சீப்பில் கொத்தாக முடி வருகிறது. பயந்துபோய், கையிலிருக்கும் பணத்தைத் தைலத்துக்குச் செலவழிக்கிறார்கள். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. அதற்கு மேல் உதிர்ந்தால் காரணத்தைத் தேட வேண்டும். டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொட்டுவது உண்டு. காய்ச்சலின்போது மயிர்க்கால்கள் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. ஓய்வு முடிந்ததும் பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதியதைத் தொடங்குகின்றன. சில மாதங்களில் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் எந்தத் தைலத்தைப் பூசினாலும், முடி திரும்பிய பெருமையைத் தைலம் தட்டிக்கொண்டு போகும்! வட்டமாக ஓரிடத்தில் மட்டும் முடி போனால் அது வேறு. அதைப் புழுவெட்டு என்பார்கள். புழுவும் அங்கே இல்லை, வெட்டும் இல்லை; உடலின் காவற்படையே மயிர்க்காலைத் தவறாகத் தாக்குவதால் வருவது. தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவற்றினும் பரவலான காரணம் இரத்தச்சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்கு உட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். வகுப்பில் உங்கள் வரிசையில் அமர்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். முடியைக் காட்டிலும் முக்கியமான உறுப்புகளுக்கே இரும்புச்சத்துப் போதாதபோது, உடல் மயிர்க்காலுக்கு எதைக் கொடுக்கும்? படியேறினால் மூச்சு வாங்குவது, கண் இமையின் உட்புறம் வெளுப்பது, முடி மெலிந்து உதிர்வது எல்லாம் ஒரே வீட்டிலிருந்து வரும் கடிதங்கள். இதற்கு மருந்து தட்டில் இருக்கிறது: முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, உண்பவர்களுக்கு மீனும் ஈரலும். நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது. அந்த வைட்டமின் எண்ணெயில் கரையாதது. ஆகவே தைலத்தில் போட்டுக் காய்ச்சிய நெல்லிக்காயைவிடக் கீரைச் சோற்றோடு கடித்துக்கொண்ட நெல்லிக்காய்க்கே முடியோடு நெருங்கிய உறவு.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீல நிற மாத்திரை ஒன்று கொடுக்கிறார்களே, அதில் இருப்பது இரும்புச்சத்தும் போலிக் அமிலமும். கசக்கிறது, குமட்டுகிறது என்று சன்னலுக்கு வெளியே எறிபவர்கள் உண்டு என்று கேள்விப்படுகிறேன். வெறும் வயிற்றில் விழுங்கினால் சிலருக்குக் குமட்டுவது உண்மைதான். மதிய உணவுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். அதற்குப் பின் ஒரு மணி நேரமாவது காப்பியும் தேநீரும் வேண்டாம்.